சின்னப்பன் லீக்

தம்பி,

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. எழுத்து இன்னும் கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது, டிப்ளமா வாங்கியும் திருந்தவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, குவார்ட்டர்ஸில் உடைந்த கூரை ஓட்டை மாற்றினார்களா என்று நான் கேட்டதற்கு ஒரு வரி கிடையாது. நாலு பக்கமும் வால்வு ஒழுகுகிற அந்த லீக்கைப் பற்றியே எழுதியிருக்கிறாய். உங்கப்பா ரிட்டயராகி நாலு வருஷம், கண்ணை மூடி ஒரு வருஷம் ஆன பிறகும் பம்ப் ஹவுஸில் எல்லோரும் அதைச் "சின்னப்பன் லீக்" என்றுதான் சொல்கிறார்களாம். நீ ஓவர்சீயராகப் போய் நின்ற முதல் நாளே, நீ யார் பிள்ளை என்று தெரியாமல் ஒருவன் உன்னிடமே அதைச் சொல்லிச் சிரித்தானாம். இப்போதிருக்கும் ஃபிட்டர் முனியப்பா உன் கண்ணெதிரே மூன்று தடவை நட்டை முறுக்கியும் அடுத்த வாரமே பழையபடி ஒழுகுகிறதாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் வால்வுக் குழியில் இறங்க ஆள் வரமாட்டேன் என்கிறார்களாம். குழியின் மூடி மேல் எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்திருக்கிறார்களாம். செத்த சின்னப்பன் உள்ளே உட்கார்ந்து நட்டைக் கழற்றுகிறான் என்று பேச்சாம்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை அரை நாள் குழாயை நிறுத்தி, அந்த வால்வையே கழற்றிப் போட்டுவிட்டு, வாயை இரும்புத் தகடு வைத்து அடைக்கப் போகிறேன், அப்பா பேரை அந்தக் குழியிலிருந்து எடுத்துவிடுகிறேன் அம்மா, என்று முடித்திருக்கிறாய். அந்த வரியைப் படித்ததில் அடுப்பில் இருந்த குழம்பு தீய்ந்து போனது. அந்தத் திங்கட்கிழமைக்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும். நீ தகடு போட்டால் கீழே இருக்கிற மடு செத்துவிடும். நீ நீச்சல் கற்றுக்கொண்ட மடு. அதில் இருக்கிற மீனும் ஆமையும் சேர்ந்து சாகும். ஒரு தடவை அது சாகப் பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், இன்னொரு தடவை காண எனக்குத் தெம்பு இல்லை. உங்கப்பாவுக்கு நட்டு முறுக்கத் தெரியும். அவர் முறுக்கினதை ஒவ்வொரு தடவையும் குழிக்குள் இறங்கிப் போய்த் தளர்த்தியது நான்.

இதைப் படித்துவிட்டு நீ எழுந்து நின்றிருப்பாய். உட்கார். உன் சுபாவம் எனக்குத் தெரியும், கோபம் வந்தால் நிற்காமல் உன்னால் இருக்க முடியாது. கோபப்படு, அதற்கு உனக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

நீ பிறப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் அர்க்காவதி ஆற்றுக்குச் சத்தம் இருந்தது. அணைக்கட்டின் அடியில் ஆற்று மதகு என்று ஒன்று இருந்தது, துரு ஏறிக் கிடக்கிற அந்தச் சின்னக் கதவை நீயும் பார்த்திருப்பாய். நான் கல்யாணமாகிப் பட்டணத்து அல்சூரிலிருந்து அங்கே போன புதிதில் அதை எப்போதும் ஒரு விரற்கடை திறந்தே வைத்திருப்பார்கள். பெருந்தண்ணீர் பெரிய குழாய் வழியாகப் பம்ப் ஹவுஸுக்குப் போய்ப் பட்டணத்துக்கு ஏறும். இந்த ஒரு விரற்கடைத் தண்ணீர் ஆற்றுக்கு. அது பாறை மேல் வழிந்து மடுவை நிரப்பிக் கீழே நாலைந்து கிராமம் வரைக்கும் போகும். மடுவில் அப்போது நீர்நாய் மூன்று இருந்தன. சாயங்காலம் ஆனால் சீழ்க்கை அடிப்பது போலக் கத்தும். புதுசாக வந்த எனக்கு யாரோ ஆள் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், உங்கப்பா சிரிப்பார். விரால் மீன் குஞ்சு பொரித்தால் அந்தக் குஞ்சுக் கூட்டம் செக்கச்செவேலென்று தண்ணீர் மேல் மிதந்து நகரும், அடியில் தாயும் தகப்பனும் காவல் போகும். பாலாமைகள் பாறையில் ஏறிக் கழுத்தை நீட்டி வெயில் காயும். கிட்டே போனால் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும், அந்தத் தொப் தொப் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் துணி துவைக்க அங்கே போவேன்.

சுதந்திரம் வந்த வருஷம் கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. அணைத் தண்ணீர் இறங்கி அடிச் சேறு தெரிய ஆரம்பித்தது. அல்சூரில் உன் பெரியம்மா விடிகாலையில் குடத்தைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்தால் பதினோரு மணிக்குத்தான் வீடு திரும்புவாள், அதுவும் பாதிக் குடம். கண்டோன்மெண்ட் பூராவும் அந்தக் கதைதான். மேலேயிருந்து உத்தரவு வந்தது: ஆற்று மதகை இறுக்கி மூடு, ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. உங்கப்பாதான் மூடினார். அந்த உத்தரவைத் தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். என் கூடப்பிறந்தவளே அங்கே குடத்தோடு நின்றாள். மனுஷனுக்குத் தண்ணீர் இல்லாதபோது மீனைப் பற்றி யார் யோசிப்பார்கள். நானும் யோசிக்கவில்லை.

முதலில் சத்தம் போயிற்று. அது போனதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. எப்போதும் காதில் இருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனதும், மத்தியானத்தில் வீட்டுக்குள் நான் நடக்கிற சத்தம் எனக்கே பயமாக இருந்தது. சமையல்கட்டில் அரிசி கொதிப்பது வாசலில் நின்றால் கேட்டது. மூன்றாம் நாள் தவளை கத்துவது நின்றது. ஒன்றிரண்டு குறைந்து நிற்கவில்லை, ஒரே சமயத்தில் எல்லாமும் வாயை மூடிக்கொண்டன. நீர்நாய்கள் எப்போது போயின என்று தெரியாது, ஒரு சாயங்காலம் சீழ்க்கை வரவில்லை, அவ்வளவுதான். மடுவில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது, பிறகு இன்னொரு முழம். மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையை வைத்துக்கொண்டு, அணைச் சுவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. கீழ்க் கிராமத்து ஆட்கள் கூடையோடு வந்து இரண்டு நாள் அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் அவர்களும் வரவில்லை. ஆற்றங்கரையில் எருமை மேய்க்கிற கெம்பம்மாவை உனக்கு நினைவிருக்கும், உனக்கு நாவற்பழம் கொடுப்பாளே, அவள் எருமைகளை அந்தப் பக்கமே ஓட்டிவரவில்லை. மாடு வரமாட்டேன் என்று நிற்கிறது என்றாள்.

அப்புறம்தான் ஆமைகள் ஏறி வந்தன. நான் சொல்வதை நீ நம்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். நல்ல உச்சிவெயில். உங்கப்பா பம்ப் ஹவுஸுக்குள் இருந்தார். நான் அவருக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு பெரிய குழாய் ஓரமாக நடந்து போனேன். அந்தக் குழாய் அங்கே பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக, தார் பூசிக் கறுப்பாகக் கிடக்கும். உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடுவதால் வெயில் ஏற ஏற அது வியர்க்கும், பார்த்திருப்பாய். அதன் ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்தது போலத் தெரிந்தது. யார் இப்படிக் கல் அடுக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனேன். எல்லாம் ஆமை. கழுத்தை முழுக்க வெளியே நீட்டி, தாடையை அந்த இரும்பின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு கிடந்தன. இருபது வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை. ஆள் அரவம் கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிற பிராணி அது. நான் பக்கத்தில் நின்றேன், ஒன்றுகூட இழுக்கவில்லை. என்ன பண்ணுகின்றன என்று நானும் குனிந்து குழாயில் காதை வைத்தேன். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவைகளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

சோற்றைக் கொடுத்துவிட்டு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். வாசலில் ஒன்று உட்கார்ந்திருந்தது. நல்ல பெரிசு, ஓட்டின் மேல் சேறு காய்ந்து வெடித்திருந்தது. முகம் வீட்டுக்கு உள்பக்கமாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கெம்பம்மா மோர் கொண்டுவந்தாள். வாசற்படிக்கு அந்தண்டையே நின்றுவிட்டாள்.

"நீர் கேளக்கெ பந்தவ்வெ, அம்மா," என்றாள் மெதுவாக. தண்ணீர் கேட்க வந்திருக்கின்றன என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள்.

"நான் என்ன கெம்பம்மா பண்ணுவேன், ஒரு குடம் ஊத்தறேன்," என்றேன்.

"ஒரு குடத்துக்கு இவ்ளோ தூரம் வருமா?" என்று கேட்டுவிட்டு, மோரைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் குடத்துத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். அது குடிக்கவும் இல்லை, நகரவும் இல்லை. அப்போது எனக்கு வயிற்றில் நீ ஏழு மாதம். சும்மாவே இருக்கமாட்டாய், ஓயாமல் உதைப்பாய், உங்கப்பா ஃபுட்பால் ஆடுகிறான் என்று கேலி செய்வார். அந்த மத்தியானத்திலிருந்து நீ அசையவில்லை. முதலில் தூங்குகிறாய் என்று நினைத்தேன். சாயங்காலம் வரைக்கும் இல்லை. மறுநாள் காலையும் இல்லை. இடது பக்கம் படுத்துப் பார்த்தேன், சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், மாதாவே மாதாவே என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்கப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். வாசலில் அந்த ஆமை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கண்ணைக்கூட மூடவில்லை.

அன்றைக்கு உச்சி வேளையில் நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். எந்த வால்வு, எந்த நட்டு என்று எனக்குத் தெரியும். சோறு கொண்டுபோகிற நாட்களில் குழி மேல் உட்கார்ந்து உங்கப்பாவுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வால்வின் தண்டைச் சுற்றிக் கொழுப்பில் தோய்த்த சணல் திரியைத் திணித்து, மேலே இரண்டு நட்டைப் போட்டு முறுக்குவார். நட்டு தளர்ந்தால் தண்டு ஓரமாகத் தண்ணீர் கசியும், அது குழியின் அடித் துளை வழியாக நேரே மடுவுக்குப் போகும். அதெல்லாம் தெரிந்த எனக்கு, எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பது தெரியவில்லை. நிறைமாதத்துக்காரி மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏணியில் இறங்கி, இடப் பக்கமாகச் சுற்றினேன். ஒரு சுற்றுக்குச் சொட்டியது. இரண்டு சுற்றுக்கு ஒரு விரல் கனத்துக்கு வந்தது. அதோடு விட்டிருக்க வேண்டும். பயத்தில் மூன்றாவதும் சுற்றினேன். திரியெல்லாம் பிய்த்துக்கொண்டு தண்ணீர் என் முகத்தில் அறைந்து என்னைச் சுவரோடு தள்ளியது. எப்படி மேலே ஏறி வந்தேன் என்று தெரியாது. புதர் ஓரமாக உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அப்போது நீ உதைத்தாய்.

தண்ணீர் விட்டதால் நீ பிழைத்தாய் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அறைக்கு அதிர்ந்து நீ விழித்திருக்கலாம். ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் பிற்பாடு கேட்டதற்கு, சில குழந்தை அப்படித்தான், இரண்டு நாள் சும்மா இருக்கும் என்றாள். இருக்கட்டும். வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆமை இல்லை. குழாய் ஓரத்திலும் ஒன்றும் இல்லை. சேற்றில் வரிவரியாக மடுவை நோக்கிப் போன தடம் மட்டும் இருந்தது.

உங்கப்பா ஓடிப்போய் மேல் வால்வை மூடிக் குழாயை நிறுத்தினார். அரை நாள் பம்ப் ஓடவில்லை. அன்றைக்கு அல்சூர்க் குழாயடியில் ஒரு சொட்டும் வரவில்லை என்று உன் பெரியம்மா பிறகு வந்து சொன்னாள், கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி வெயிலில் மயங்கி விழுந்தாளாம். அந்தச் சேதியை நான் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டேன். அதை இன்றைக்கும் நினைக்கிறேன். ஆற்றுக்குப் பாவம் பார்த்த கைதான் அதையும் செய்தது. அந்தக் காலத்து ஓவர்சீயர், முன்கோபக்காரர், எல்லார் முன்னாலும் உங்கப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"ஏனய்யா சின்னப்பா, ஒந்து நட் டைட் மாடக்கெ பரல்வா நினகெ?" ஒரு நட்டு முறுக்கக்கூட உனக்கு வராதா என்று.

"பேக்கிங் திரியை நான்தான் சரியாப் போடல சார்," என்றார் உங்கப்பா. என் புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்ததை அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

திரி மாற்றி நன்றாக முறுக்கினார். நாலு நாள் பொறுத்தேன். மடு மறுபடியும் இறங்க ஆரம்பித்ததும் போய் இரண்டே இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். அந்த ஒரு விரல் தண்ணீர் ஆற்றுக்குப் போதாது, கீழ்க் கிராமம் வரைக்கும் எட்டாது. மடுவுக்குப் போதும். இன்ஸ்பெக்‌ஷன் வரும்போதெல்லாம் உங்கப்பா முறுக்குவார், வந்தவர்கள் வண்டி ஏறிய நாலாம் நாள் நான் தளர்த்துவேன். மழை வந்தால் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார், "நட்டா?" என்று கேட்டார். ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்லச் சொல்லிவிட்டு, இனிமேல் செய்வாயா என்றார். மழை பெய்தால் செய்யமாட்டேன் சாமி என்றேன். மழையும் பெய்தது, அணை நிரம்பி மேலே வழிந்தது. ஆனால் ஆற்று மதகை யாரும் திறக்கவில்லை. மூடு என்று உத்தரவு போட்டவர்கள் திற என்று போட மறந்துவிட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, மறந்துபோனார்கள், அவ்வளவுதான். அடுத்த கோடையில் மறுபடி சத்தம் நின்றது. நான் மறுபடி குழிக்குப் போனேன். அப்புறம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

இதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று உனக்கே தெரியும். உங்கப்பாவுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் ஃபோர்மேன் ஆனார்கள். அவர் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபிட்டராகவே வெளியே வந்தார். ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? "சின்னப்பன் லீக்" என்று எவனோ சொன்னதற்கு அடித்துக்கொண்டு வந்தாய். சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைத் தொடாமல் அவரைப் பார்த்துக் கேட்டாய்.

"உங்களுக்கு நிஜமாவே டைட் பண்ணத் தெரியாதாப்பா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இரும்பு தம்பி. வெயிலுக்கு இளகும்," என்றார்.

நீ அதை நம்பவில்லை. அன்றையிலிருந்து நீ அவர் கூடக் குழாய்ப் பக்கம் போகவில்லை, அவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, ஒழுகாத குழாய் போடக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று விளையாட்டுக்குச் சொன்னாய். அது விளையாட்டு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நட்டைத் தளர்த்தியதற்கு நான் வருத்தப்படவில்லை தம்பி. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதற்கு வருத்தப்படுகிறேன். நான் சொல்லியிருந்தால் அவர் வேலை போயிருக்கும், குவார்ட்டர்ஸ் போயிருக்கும் என்று எனக்கு நானே நூறு தடவை சமாதானம் சொல்லியிருக்கிறேன். உன் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். தகப்பனைக் குறைவாக நினைத்துக்கொண்டே நீ வளர்ந்தாய், நான் அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

இனிமேல் எழுதப்போவதை நான் சாமியாரிடமும் சொன்னதில்லை. அவர் ரிட்டயர் ஆவதற்கு முந்தின மாதம் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. உங்கப்பா வழக்கம்போலப் புதுத் திரி போட்டு, வந்தவர்கள் எதிரிலேயே முறுக்கிக் காட்டினார். சொட்டு இல்லை. நாலாம் நாள் மத்தியானம் நான் போனேன். வயசாகிவிட்டது, ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். குழிக்குள் பாதி இருட்டு. ஸ்பேனரை நட்டில் வைத்தேன். நட்டு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒரு விரல் கனத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சரியாக இரண்டு சுற்று. நட்டின் மேல் புதுசாகக் கிரீஸ் பூசியிருந்தது. எத்தனையோ வருஷமாக அந்த நட்டு என் கைக்கு வெண்ணெய் மாதிரி திரும்பும். ஃபிட்டர் வேலையில் அதுவும் ஒன்று போலும் என்று நினைத்திருந்தேன். முறுக்கிய நட்டுக்குக் கிரீஸ் போடுவது, அதைத் திருப்பப் போகிற கை நோகாமல் இருப்பதற்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ. வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டார். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே பொய்யை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிச் சுமந்திருக்கிறோம். அவர் சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு அதை நினைத்து அழுத அளவுக்கு வேறு எதற்கும் அழவில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நாங்கள் அங்கிருந்து வந்து நாலு வருஷம். உங்கப்பா கல்லறையில் இருக்கிறார். நான் இங்கே விவேக் நகரில் முட்டிவலியோடு இருக்கிறேன். முனியப்பா முறுக்குகிறான், யாரோ தளர்த்துகிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கப்பா என்னிடமே சொல்லாதவர், வேறு யாரிடம் சொல்லியிருப்பார். கெம்பம்மாவோ, அவள் மருமகளோ, அங்கே துணி துவைக்கிற யாரோ ஒரு பெண்ணோ பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் உச்சி வேளையில் இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்கு முன்னால் உள்ளே ஒரு பிராண்டல் சத்தம் வருகிறது. காற்று என்பார்கள், நீயும் அதைத்தான் சொல்வாய். நான் குடத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்கிறேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சொல்வது அம்மா, முடிவு ஓவர்சீயருடையது. நானும் உங்கப்பாவும் செய்தது திருட்டு வேலை. அதை நீயும் செய்யாதே. உன் கையில் பேனா இருக்கிறது, உன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது. ஆற்று மதகை முன் போல ஒரு விரற்கடை திறந்து வைக்க அனுமதி வேண்டும் என்று மேலே எழுது. மூடச் சொன்ன உத்தரவு ஒரு வறட்சிக்காக வந்தது, அது முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று எழுது. கீழே மனுஷரும் மாடும் இருப்பதை எழுது, ஆமை என்று எழுதினால் சிரிப்பார்கள், இருந்தாலும் கடைசி வரியில் அதையும் எழுது. மதகு திறந்த மறுநாள் நீ தகடு போட்டுக்கொள். அந்தப் பேர் அங்கிருந்து போகட்டும், உங்கப்பாவும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆனால் மதகு திறக்கிற வரைக்கும் அந்த வால்வில் கை வைக்காதே. நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு மத்தியானம் தனியாக மடுப் பக்கம் போய் நில். ஆமைகள் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டால் இன்னும் இருக்கின்றன என்று அர்த்தம். கேட்காவிட்டால் எனக்கு உடனே எழுது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். உங்கப்பாவின் காக்கிச் சட்டையில் அவருடைய ஸ்பேனரைச் சுற்றி வைத்திருக்கிறேன். துரு பிடிக்காமல் இருக்க நேற்றுக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்தேன். உன் காகிதம் மேலே போய்ப் பதில் வர நாளாகும், அது எனக்குத் தெரியும், அதற்குள் கோடை வந்துவிடும். முனியப்பா நாளைக்கே முறுக்கிவிடுவான், அங்கே இருக்கிற அந்தக் கை யாருடையதாக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் ஓய்ந்துபோகும். அப்படி ஒரு மத்தியானம் ஆற்றுப் பக்கம் சத்தமே இல்லாமல் போனால், திருட்டு வேலை செய்யாதே என்று மேலே எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு. இடப் பக்கம் இரண்டு சுற்று தம்பி. மூன்றாவது வேண்டாம்.